பிடியரிசிப் பள்ளியில் படித்த முதலமைச்சர்

கர்மவீரர் காமராசரைப் பற்றிய கட்டுரை இல்லாத ஆண்டு மலரைக் காண்பது அரிது. அவருடைய எளிமையையும் கதர்ச் சட்டையையும் பேச்சுப் போட்டி மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று அவர் விசாரித்ததாகவும், பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார்கள் என்று அந்தச் சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் வழங்கும் கதை நம் பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தக் கதைக்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. சோறு போடுவது என்று முடிவு செய்த பிறகு அரிசி எங்கிருந்து வந்தது? கூரை ஒழுகிய பள்ளிக்குக் கூரை போட்டவர் யார்? அரசாங்கம் எவ்வளவு கொடுத்தது? கொடுத்ததற்கு ஈடாக ஊரிடம் எதைக் கேட்டது? ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றும் எனக்கு இவை பழங்காலத்துக் கேள்விகளாகத் தோன்றவில்லை. நம் பள்ளிகளும் அரசின் உதவிக்கும் அந்த உதவியோடு வரும் நிபந்தனைக்கும் இடையில்தான் நூறு ஆண்டுகளாக நின்று கொண்டிருக்கின்றன. ஆகவே, காமராசரின் வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து பார்த்துவிட்டு, இறுதியில் நம் ஜொகூருக்குத் திரும்பலாம் என நினைக்கிறேன்.

விருதுபட்டிச் சிறுவன்

காமராசர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இன்றைய விருதுநகரில் பிறந்தார். அந்நாளில் அவ்வூருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வணிகர். தாயார் சிவகாமி அம்மையார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாய் செல்லமாக ராசா என்று அழைக்க, இரண்டும் சேர்ந்து காமராசு ஆயிற்று. நாகம்மாள் என்று ஒரு தங்கை.

சிறுவனுக்கு ஆறு வயது இருக்கும்போதே தந்தை காலமானார். தாயாரின் நகைகளைக் கொண்டு கிடைத்த சிறு வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, ஊரார் பிடியரிசி திரட்டி நடத்திய பள்ளி. அக்காலத்தில் விருதுபட்டி நாடார் உறவின்முறையைச் சேர்ந்த குடும்பங்கள் அன்றாடம் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அந்த அரிசி வீடு வீடாகச் சேகரிக்கப்பட்டு, அதிலிருந்து பள்ளிக்கான செலவு ஈடுகட்டப்பட்டது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காத பள்ளி அது. கோயிலுக்குள்ளும் பொதுப் பள்ளிக்குள்ளும் நுழைவதற்கே தடைகளைச் சந்தித்த ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளைத் தானே படிக்க வைத்துக் கொண்ட முறை என்று இதனைச் சொல்லலாம்.

ஆனால், பள்ளி இலவசமாக இருந்தும் காமராசரால் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க இயலவில்லை. வீட்டில் உழைக்க வேறு ஆண் இல்லை. மாமா கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் சில காலம் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடையில் இருந்தார். கட்டணம் இல்லாத பள்ளி மட்டும் ஓர் ஏழைப் பிள்ளையை வகுப்பறையில் பிடித்து வைத்துக்கொள்ளப் போதாது என்பதற்கு அவருடைய இளமைக்காலமே சான்று. ஊரார் ஒன்று கூடினால் எவ்வளவு செய்ய முடியும் என்பதையும், ஊராரால் மட்டும் எதைச் செய்ய முடியாது என்பதையும் அவர் ஒரே பள்ளியில் கற்றுக் கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறைவாசம்

அவருடைய அரசியல் வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். துணிக்கடையில் இருந்த காலத்திலேயே காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்டார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கு கொண்டு சிறை சென்றார். சத்தியமூர்த்தியைத் தம் அரசியல் ஆசானாக ஏற்றுக்கொண்டார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார். அடுத்த ஆண்டு சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும், கட்சிப் பணியை வைத்துக்கொண்டு அந்தப் பதவிக்கு முழு நேரமும் ஒதுக்க இயலாது என்று கருதி உடனே அதிலிருந்து விலகினார். 1942இல் மீண்டும் கைதாகி 1945 வரை சிறையில் இருந்தார். எல்லாச் சிறைவாசங்களையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன படிப்பைச் செய்தித்தாள்களாலும் சிறையில் வாசித்த நூல்களாலும் ஈடுசெய்து கொண்டார்.

1954

1953ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த இராசாசி, தொடக்கப்பள்ளிக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்பது அதன் சாரம். செலவு கூடாமல் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. ஆனால், சிரைப்பவரின் மகன் சிரைக்கவும் வெளுப்பவரின் மகன் வெளுக்கவும் அரசே ஏற்பாடு செய்வதா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கண்டித்தார்கள். இறுதியில் இராசாசி பதவி விலகினார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் எட்டுப் பேர்தாம் இருந்தனர். தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையே நிதியோடு கல்விக்கும் பொறுப்பாக வைத்துக் கொண்டார். அடுத்த மாதமே அரைநாள் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக நியமிக்கப்பட்டார். காஞ்சிபுரத்திற்கு அருகில் உள்ள நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். முதலமைச்சர், கல்வி அமைச்சர், இயக்குநர் ஆகிய மூவரின் கூட்டுறவில்தான் அடுத்து வந்த ஆண்டுகளின் கல்விப் பணி நடந்தேறியது.

இராசாசியின் அரசு சந்தித்த பணமுடை காமராசரின் அரசுக்கும் இருந்தது. திட்டம் கைவிடப்பட்டதால் பள்ளிகள் தாமாகப் பெருகிவிடவில்லை. ஓராசிரியர் பள்ளிகள், திண்ணைகளில் நடந்த வகுப்புகள், கரும்பலகை இல்லாத சுவர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பணம் இல்லை, ஆனால் பள்ளி வேண்டும் என்னும் இக்கட்டுக்கு இராசாசி கண்ட விடை, பிள்ளையின் படிப்பு நேரத்தைக் குறைப்பது. காமராசர் பிள்ளையின் பங்கில் கை வைக்கவில்லை. அரசின் பங்கைக் கூட்டினார். குறைந்ததை ஊரிடம் கேட்டார். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் அவர் செய்த மற்ற எல்லாமே எளிதில் விளங்கும்.

ஆசிரியருக்கு முதல் உரிமை

அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு நேரடியாக நடத்தியவை அல்ல. ஊராட்சி, மாவட்ட ஆட்சிக் கழகம், நகராட்சி, தனியார் நிர்வாகம் எனப் பலர் நடத்தி, அரசிடம் உதவித் தொகை பெற்ற பள்ளிகள் அவை. அரசு ஊழியருக்குக் கிடைத்த ஓய்வூதியம் இந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கு இல்லை. முப்பது ஆண்டு பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெறும் நாளில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

1955இல் மூன்று நன்மைத் திட்டம் அறிமுகமானது. சேமநிதி, ஓய்வூதியம், காப்புறுதி ஆகிய மூன்றும் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் கிடைத்தன. இந்தியாவிலேயே இத்தகைய ஏற்பாட்டைச் செய்த முதல் மாநிலம் சென்னைதான். பள்ளியை யார் நடத்தினாலும் அதில் பாடம் நடத்துபவரின் முதுமைக்கு அரசு பொறுப்பேற்கும் என்பதே இதன் பொருள். பள்ளிச் சீர்திருத்தம் என்றதும் இன்று பலரும் கட்டடத்தைத்தான் முதலில் நினைக்கிறார்கள். காமராசரின் அரசு ஆசிரியரின் அச்சத்தைப் போக்குவதில் தொடங்கியது என்பதை ஆசிரியனாகிய நான் நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

அடுத்து, பள்ளி இல்லாத ஊர்கள் கணக்கெடுக்கப்பட்டன. ஒரு மைல் தூரத்திற்குள் ஒரு தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது இலக்கு. புதிய பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும் அல்லவா? படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்கள் பலர் ஓராசிரியர் பள்ளிகளில் அமர்த்தப்பட்டனர். ஒரே திட்டத்தால் சிற்றூருக்குப் பள்ளியும் இளைஞனுக்கு வேலையும் கிடைத்தன.

ஆறு காசும் நான்கு காசும்

பள்ளியில் சோறு போடும் எண்ணம் காமராசர் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளி ஒன்றில் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் உணவு வழங்க இசைந்தது. பின்னர் அது வேறு சில பள்ளிகளுக்கும் பரவி, அரசின் அனுமதி கிடைக்காமல் சில ஆண்டுகளில் நின்று போனது. அதை மாநிலம் முழுமைக்கும் விரித்தது காமராசரின் அரசு.

முதலில் அரசிடம் நிதி கேட்காமலேயே வேலை தொடங்கியது. 1956இல் ஊர் மக்களே அரிசியும் பருப்பும் விறகும் தந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கும்படி ஆசிரியர்கள் ஊர்தோறும் பேசினார்கள். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசரே இப்பணியைத் தொடங்கி வைத்தார். பல ஊர்களில் சோறு கிடைத்தது. ஆனால், அறுவடைக் காலத்தில் பொங்கிய அடுப்பு கோடையில் அணைந்துவிடும் என்பது யாரும் எளிதில் ஊகிக்கக்கூடியதே. பிடியரிசியின் பலமும் பலவீனமும் அறிந்த முதலமைச்சர் இதைத் தொண்டர்களின் கருணையோடு விட்டுவிடவில்லை. 1957இல் அரசு தன் பங்கை அறிவித்தது.

ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு செலவு என்று கணக்கிடப்பட்டது. அதில் ஆறு காசை அரசு கொடுக்கும். நான்கு காசை ஊர் கொடுக்க வேண்டும். ஓர் ஊர்ப் பள்ளியில் ஐம்பது பிள்ளைகள் சாப்பிடுவதாக வைத்துக் கொள்வோம். ஊரார் நாள்தோறும் திரட்ட வேண்டியது இரண்டு ரூபாய். ஆண்டுக்கு இருநூறு பள்ளி நாள்கள் என்றால் நானூறு ரூபாய். அதனைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அரிசியாகவோ காய்கறியாகவோ விறகாகவோ கொடுக்கலாம்.

இந்தக் கணக்கில் மூன்று நுட்பங்கள் இருப்பதாக நான் கருதுகிறேன். முதலாவது, பெரிய பங்கு அரசுடையது. இரண்டாவது, ஊரிடம் கேட்டது ஊரால் கொடுக்கக்கூடிய பொருள். ஏழை ஊரிலும் ஒரு சுரைக்காய் விளையும், நான்கு சுள்ளி கிடைக்கும். மூன்றாவது, நிபந்தனை ஊருக்கு விதிக்கப்பட்டது, பிள்ளைக்கு அன்று. தேர்வில் இத்தனை புள்ளி எடுத்தால்தான் சோறு என்றோ, தகப்பன் நான்கு காசு கொண்டு வந்தால்தான் இலை என்றோ யாரும் சொல்லவில்லை. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்க அமைப்பு பால்மாவும் எண்ணெயும் தந்து உதவியதால் திட்டம் மேலும் வலுவடைந்தது.

கடம்பத்தூரில் தொடங்கிய மாநாடுகள்

மதிய உணவைப் பற்றி எல்லாரும் அறிவோம். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி நம்மில் அறிந்தவர் சிலரே. அவற்றில் முதலாவது 1958ஆம் ஆண்டு ஜனவரியில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடைபெற்றது.

அதன் நடைமுறை இதுதான். முதலில் ஒரு வட்டாரத்திலுள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் தேவைகளைப் பட்டியல் போட வேண்டும். ஓடு மாற்ற வேண்டுமா, சுண்ணாம்பு அடிக்க வேண்டுமா, கரும்பலகை உண்டா, குடிநீர்ப் பானை உண்டா, கடிகாரம், நிலப்படம், மணி, மேசை, நாற்காலி எத்தனை குறைகின்றன, விளையாட இடம் உண்டா என்று ஆசிரியரும் ஊரின் முக்கியமானவர்களும் சேர்ந்து எழுதுவார்கள். பிறகு அந்தப் பட்டியலோடு ஊரை அணுகுவார்கள். தச்சர் மேசை செய்து தருவார். நிலம் உள்ளவர் பள்ளிக்கு மனை எழுதிக் கொடுப்பார். பணம் இல்லாதவர் இரண்டு நாள் மண் சுமப்பார். எல்லாம் கூடிய பிறகு மாநாடு. அமைச்சரும் அதிகாரிகளும் வருவார்கள். எந்த ஊர் எதைக் கொடுத்தது என்பது மேடையில் ஊரறிய வாசிக்கப்படும். பல மாநாடுகளில் முதலமைச்சரே வந்து அமர்ந்து கேட்டிருக்கிறார்.

1963 வரை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. ஊரார் கொடுத்த பொருள்களின் மதிப்பு கோடிக்கணக்கான ரூபாய். பிள்ளைகளிடையே ஏற்றத்தாழ்வு தெரியக் கூடாது என்று கொண்டு வரப்பட்ட சீருடைக்கும் இத்தகைய நன்கொடைகள் பயன்பட்டன. 1960 தொடங்கி ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி முடியும்வரை கட்டணம் நீக்கப்பட்டது. அவர் பதவியிலிருந்து இறங்கியபோது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்திருந்தது.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. செழிப்பான ஊரின் பள்ளிக்குக் கடிகாரமும் வேலியும் எளிதில் வந்துவிடும். கூலி வேலை செய்வோர் மட்டுமே வாழும் குடியிருப்பின் பள்ளிக்கு யார் கொடுப்பார்? ஊரின் கொடையை நம்பினால் ஊரில் உள்ள ஏற்றத்தாழ்வு பள்ளிக்குள்ளும் வந்துவிடும். தமிழ்நாடு இதைப் பின்னர் உணர்ந்தது எனலாம். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவுபடுத்தியபோது ஊரின் பங்கைக் கேட்காமல் அரசே செலவை ஏற்றது. 2022இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தின் செலவும் அரசுடையதே. நான்கு காசு நிபந்தனை மறைந்தது. ஆறு காசு உறுதிமொழி பத்துக் காசாக வளர்ந்து நிலைத்தது. வறிய பள்ளிக்கு விதிக்கும் நிபந்தனை ஓர் ஏணியைப் போல இருக்க வேண்டும், ஏறிய பிறகு எடுத்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

பதவியைத் துறந்த பின்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சியைப் பலப்படுத்த மூத்த தலைவர்கள் பதவி விலக வேண்டும் என்னும் தம் திட்டத்திற்கு ஏற்பத் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1964இல் அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேருவுக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமர்களாக வருவதற்கு அவரே முன்னின்றார். ஆங்கிலத்தையும் இந்தியையும் சரளமாகப் பேசாத ஒருவர் அந்தப் பெரிய நாட்டின் தலைமையை இரு முறை தீர்மானித்தார் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது.

1967 பொதுத்தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். அவரைத் தோற்கடித்த பெ.சீனிவாசன் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவத் தலைவர். பள்ளிகளைத் திறந்தவரைப் படித்த இளைஞர்களின் எழுச்சி வீழ்த்தியது என்று இதனைப் பலர் சோகமாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. படித்த தலைமுறை தன் தலைவரையே எதிர்த்து வாக்களிக்கத் துணிந்தது என்றால், பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் பொருள். இரண்டு ஆண்டுகளில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று அவர் நாடாளுமன்றம் சென்றார்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தி பிறந்த நாளன்று, சென்னையில் தாம் குடியிருந்த இல்லத்தில் காலமானார். திருமணம் செய்து கொள்ளவில்லை. தமக்கெனச் சொத்துச் சேர்க்கவில்லை. மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்தது. அவருடைய பிறந்த நாள் இப்பொழுது தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஜொகூரிலிருந்து பார்க்கும்போது

இனி நம் ஊருக்கு வருவோம். விருதுபட்டியில் பிடியரிசி திரட்டிய அதே காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து ரப்பர் நட்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளியும் ஒரு நிபந்தனையில்தான் பிறந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. நிபந்தனை நிர்வாகத்திற்கு விதிக்கப்பட்டது. ஆனால், பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கேட்பார் இல்லை. அதனால் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியும் சேர்ந்தால் பள்ளிக்கூடம் என்றாகிவிட்டது. ஆறு காசு கொடுக்க யாரும் இல்லாமல் வெறும் சட்டம் மட்டும் இருந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் தோட்டப்பள்ளிகளின் தொடக்கக் காலம் உதாரணம்.

நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பொதுப் பாடத்திட்டத்தை ஏற்று, மலாய் மொழியைக் கட்டாயப் பாடமாக நடத்தும் பள்ளிகள் தேசியக் கல்விமுறைக்குள் வந்து அரசின் உதவியைப் பெற்றன. இந்த நிபந்தனை நமக்கு நன்மையே செய்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அரசு சம்பளமும் கிடைத்தன. பாடநூல்கள் வந்தன. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இன்று பள்ளியில் ஆர்.எம்.டி. எனப்படும் கூடுதல் உணவும் கிடைக்கிறது.

ஆனால், இன்னொரு நிபந்தனை நம்மை இன்றுவரை வருத்துகிறது. பள்ளி நிற்கும் நிலம் அரசுடையதாக இருந்தால் அது முழு உதவி பெறும் பள்ளி. நிலம் தோட்ட நிறுவனத்திற்கோ வேறு ஒருவருக்கோ சொந்தமாக இருந்தால் பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் உண்டு. கட்டடம், பராமரிப்பு என்று வரும்போதுதான் வேறுபாடு தெரியும். பகுதி உதவி பெறும் பள்ளியின் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூரைக்கும் கழிவறைக்கும் நன்கொடை நூல் அச்சடித்து வீடு வீடாக ஏற வேண்டியிருக்கும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் இந்த நிலையில்தான் இருந்து வந்திருக்கின்றன.

காமராசரின் அளவுகோலை வைத்து இதனை அளந்து பாருங்கள். ஊரிடம் கேட்பது ஊரால் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி தன் உழைப்பைக் கொடுப்பார், பத்து வெள்ளி கொடுப்பார், சனிக்கிழமை வந்து புல் வெட்டுவார். நிலத்தை அவர் எப்படிக் கொடுப்பார்? அது என்றுமே அவருடையதாக இருந்ததில்லை. அரசும் நிறுவனமும் பேசி முடிக்க வேண்டிய ஒரு காரியம், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஜொகூரில் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சுமார் 530. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. நம்மவர்கள் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் பக்கம் குடிபெயர்ந்தார்கள். தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் சில மக்களைப் பின்தொடர்ந்து வந்துவிட்டன. முத்தியாரா ரினி குடியிருப்பில் இருக்கும் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இதற்கு நல்ல உதாரணம். ஆனால், குளுவாங், சிகாமட் போன்ற வட்டாரங்களின் உட்பகுதிகளில் உள்ள பள்ளிகள் அப்படியல்ல. 150 பிள்ளைகளுக்கு மேற்படாத பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்துகிறது. முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்வார்கள். அத்தகைய வகுப்பில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பக்கம் நான்காம் ஆண்டுக்கு வகுத்தலும் மறுபக்கம் ஐந்தாம் ஆண்டுக்குப் பின்னமும் சொல்லிக் கொடுக்கும்போது, அந்தப் பிள்ளைகள் மற்றவரைவிட அறிவில் சற்றும் குறைந்தவர்கள் இல்லை என்பது தெரியும். எண்ணிக்கையில்தான் குறைந்தவர்கள்.

கழகத்துத் தம்பி தங்கைகளுக்கு

ஜூலை மாதத்தில் காமராசர் படத்திற்கு மாலையிடுவது நல்ல வழக்கம். அதோடு கடம்பத்தூர் முறையையும் நாம் கையில் எடுத்தால் என்ன? தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் மாணவர் இயக்கங்கள் பெரும்பாலும் தன்முனைப்பு உரையும் விளையாட்டும் நடத்திவிட்டு, படம் எடுத்துக் கொண்டு திரும்பி விடுகின்றன. அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். பொறியியல் படிப்பவர்கள் கூரையையும் மின்கம்பியையும் பார்த்து என்ன செலவாகும் என்று கணக்கிடலாம். நில அளவை படிப்பவர்கள் பள்ளி நிலத்தின் ஆவணம் யார் பெயரில் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று வாரியத்தோடு சேர்ந்து தேடலாம். கணினி படிப்பவர்கள் பழுதான கணினிகளைச் சரிசெய்யலாம்.

அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ஊரால் முடிந்தது ஒரு பக்கம். அரசால் மட்டுமே முடிந்தது மறுபக்கம். முதல் பக்கத்தை நாம் செய்வோம். முன்னாள் மாணவர்களாகிய எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். எங்கள் நான்கு காசு தயாராக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தை, குறிப்பாக நிலத்தை, மாநிலக் கல்வி இலாகாவின் மேசையிலும் சட்டமன்ற உறுப்பினரின் மேசையிலும் வைத்துப் பதில் வரும்வரை விடாமல் கேட்போம். அது பிச்சை அன்று. வரி செலுத்தும் குடிமக்கள் தங்கள் ஆறு காசைக் கேட்பதாகும்.

பிடியரிசியில் படித்த சிறுவன் ஆறாம் வகுப்போடு நின்றான். அவன் முதலமைச்சரானபோது, மற்றப் பிள்ளைகளும் அங்கேயே நின்றுவிடாதபடி பார்த்துக் கொண்டான். குளுவாங் உட்புறத்துப் பள்ளியில் இன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் அந்த அளவாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.